குவாண்டம் தற்சுழற்சி நீர்மங்களின் நிலைபேறு: ஒரு வினாவின் வரலாறும் அதில் சென்னையின் இடமும் (1969–2021)

ஆய்வுச் சுருக்கம்

காந்தப் பொருள்களில் அணுக்களின் தற்சுழற்சிகள் தாழ்ந்த வெப்பநிலையிலும் ஓர் ஒழுங்கில் உறையாமல், ஒன்றோடொன்று பின்னியபடி நீர்மம்போல் நிலைத்திருக்கக்கூடும் என்னும் கருத்து 1973ஆம் ஆண்டில் பிலிப் ஆண்டர்சனால் முன்வைக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டில் 219 ரிட்பர்க் அணுக்களை வரிசைப்படுத்திய ஆய்வகச் சோதனை அக்கருத்துக்கு நெருங்கிய சான்றுகளை அளித்தது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் 'நிலைபேறு' என்னும் சொல் ஒரே பொருளில் ஆளப்படவில்லை என்பதும், அதன் பொருள் மூன்று கட்டங்களாக மாறிவந்தது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள். சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் பங்களிப்பு இரண்டாம் கட்டத்தில் எவ்வாறு அமைந்தது என்பதும் இங்கு மதிப்பிடப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தற்சுழற்சி நீர்மம், நிலைபேறு, இடத்தியல் ஒழுங்கு, கேஜ் கோட்பாடு, கிட்டாயேவ் மாதிரி, ரிட்பர்க் அணுக்கள், கணித அறிவியல் நிறுவனம்

1. முன்னுரை

வடசென்னையின் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் வலையின் துளையைக் 'கண்' என்றே வழங்குவர். ஜப்பானியர் மூங்கிற் கூடைப் பின்னலில் தோன்றும் துளைக்கும் கண் என்றே பெயரிட்டனர்; 'ககோ' என்பது கூடை, 'மே' என்பது கண். முக்கோணங்களும் அறுகோணங்களும் மாறிமாறி அமையும் அக்கூடைப் பின்னலின் வடிவத்தை 1951ஆம் ஆண்டில் இட்டிரோ ஷோசி என்னும் இயற்பியலாளர் புள்ளியியல் இயற்பியலுக்குள் கொண்டுவந்தார். இன்று 'ககோமே அணிக்கோவை' என்னும் பெயர், தற்சுழற்சி நீர்மங்களைப் பற்றிய எந்த ஆய்விலும் தவிர்க்க இயலாததாகிவிட்டது.

அதே துறைமுகத்தின் மற்றொரு காட்சி இக்கட்டுரையின் மையக் கருத்துக்கு உதவும். கரையில் நட்ட இரும்புத் தூணில் படகின் கயிறு எத்தனை சுற்றுச் சுற்றப்பட்டுள்ளது என்பதைக் கயிற்றின் ஏதேனும் ஒரு சாண் பகுதியை மட்டும் பார்த்து அறிய முடியாது. முழுக் கயிற்றையும் தொடர்ந்து பார்த்தல் வேண்டும். கயிற்றின் இரு முனைகளும் கட்டப்பட்டிருக்கும்வரை, இடையில் எங்கு அசைத்தாலும் தளர்த்தினாலும் சுற்றின் எண்ணிக்கை மாறாது. ஓரிடத்தில் காண இயலாத பண்பை ஓரிடத்து உலைவால் அழிக்கவும் இயலாது. தற்சுழற்சி நீர்மங்களின் நிலைபேறு பற்றிய இக்காலக் கோட்பாட்டின் சாரம் இதுவே. ஆயின் இந்தச் சாரத்தை ஆய்வுலகம் எட்டுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன.

அறிவியல் வரலாற்றை எழுதுவோர் இத்தகைய துறைகளில் இரண்டு பிழைகளுள் ஒன்றில் விழுவதுண்டு. பிரின்ஸ்டன், ஹார்வர்டு ஆகிய இடங்களின் வரலாறாகவே அனைத்தையும் எழுதுவது ஒன்று. உள்ளூர்ப் பெருமை கருதி இல்லாத முதன்மையை நம்மவர்க்கு ஏற்றிச் சொல்வது மற்றொன்று. கால வரிசையையும் கருத்தின் பொருளையும் ஒருசேரக் கவனித்தால் இரண்டையும் தவிர்க்கலாம்.

2. பின்புலம்: ஒழுங்கும் இணக்கமின்மையும்

எதிர் ஃபெர்ரோ காந்தத்தில் அண்டைத் தற்சுழற்சிகள் எதிரெதிர்த் திசைகளை நாடுகின்றன. அவை ஒன்றுவிட்டு ஒன்றாக மேலும் கீழும் நோக்கி உறைந்து நிற்கும் ஒழுங்கை 1930களில் லூயி நேயெல் முன்மொழிந்தார். குவாண்டம் ஊசலாட்டங்கள் அத்தகைய ஒழுங்கைச் சிதைத்துவிடும் என்னும் ஐயம் அக்காலத்திலேயே இருந்தது. 1931ஆம் ஆண்டில் ஹான்ஸ் பெத்தே ஒற்றைப் பரிமாணச் சங்கிலிக்குக் கண்ட துல்லியத் தீர்வு அந்த ஐயத்துக்கு அடிப்படையாயிற்று. எனினும் 1949ஆம் ஆண்டில் ஷல், ஸ்மார்ட் ஆகியோர் நியூட்ரான் சிதறல் முறையில் மாங்கனீசு ஆக்சைடை ஆராய்ந்து நேயெல் ஒழுங்கை நேரில் மெய்ப்பித்தனர். முப்பரிமாணப் பொருள்களைப் பொறுத்தவரை ஒழுங்கே வென்றது.

முக்கோண அமைப்பில் நிலைமை வேறு. ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளில் இரண்டு எதிரெதிராக நின்றால், மூன்றாவது தற்சுழற்சி இருவரோடும் ஒருங்கே முரண்பட்டு நிற்க வழியில்லை. இதனை இணக்கமின்மை எனலாம். 1950ஆம் ஆண்டில் வானியர், முக்கோண அணிக்கோவையில் அமைந்த ஐசிங் எதிர்க்காந்தம் தனிச்சுழி வெப்பநிலையிலும் எண்ணிறந்த சம ஆற்றல் நிலைகளைக் கொண்டிருக்கும் என்று காட்டினார்.

இந்திய மண்ணில் இவ்வினாவுக்கு முதற்பெரும் பங்களிப்பு மும்பையிலிருந்து வந்தது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த சஞ்சல் குமார் மஜும்தாரும் தீபன் கோஷும் 1969ஆம் ஆண்டில் ஒரு சங்கிலி மாதிரியை வெளியிட்டனர். அடுத்த அண்டையோடு உள்ள இடைவினையின் வலிமை, அண்டையோடு உள்ளதில் சரிபாதியாக இருப்பின், தற்சுழற்சிகள் இரண்டிரண்டாக இணைந்து ஒற்றைப் பிணைப்புகளாவதே துல்லியமான தாழ்நிலை என அவர்கள் நிறுவினர். திசை ஒழுங்கின்றி இணைகளாலேயே ஒரு தாழ்நிலை அமையக்கூடும் என்பதற்கு இஃது ஐயத்துக்கிடமற்ற எடுத்துக்காட்டு. ஆயினும் அவ்விணைகள் இடம்பெயராமல் உறைந்து நின்றன. ஆகவே அஃது இணைகளின் படிகமேயன்றி நீர்மமன்று. 1981ஆம் ஆண்டில் ஸ்ரீராம் சாஸ்திரியும் பில் சதர்லாந்தும் அமைத்த இருபரிமாண மாதிரியும் இவ்வகையைச் சார்ந்ததே.

3. முதற் கட்டம்: ஆற்றல் போட்டியாக நிலைபேறு (1973–1987)

ஆண்டர்சனின் 1973ஆம் ஆண்டுக் கட்டுரை, இணைகளை உறையவிடாமல் அசையவிட்டது. பென்சீன் வளையத்தில் இரட்டைப் பிணைப்புகள் ஓரிடத்தில் நில்லாமல் ஒத்ததிர்வதாக லைனஸ் பாலிங் கூறிய கருத்தை அவர் காந்தப் பொருளுக்கு விரித்தார். முக்கோண அணிக்கோவையில் தற்சுழற்சிகள் இணையாகும் எல்லா வகைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்த நிலையே தாழ்நிலை என்பது அவர் கணிப்பு. இதுவே ஒத்ததிர்வு இணைதிறன் பிணைப்பு நிலை எனப்பட்டது. அடுத்த ஆண்டில் ஃபசெகாஷுடன் இணைந்து அவர் இக்கணிப்பை விரிவுபடுத்தினார்.

இக்கட்டத்தில் நிலைபேறு என்பது ஆற்றல் போட்டியையே குறித்தது. நேயெல் ஒழுங்கின் ஆற்றல் தாழ்ந்ததா, நீர்மத்தின் ஆற்றல் தாழ்ந்ததா என்பதே வினா. அவ்வினாவுக்குக் கிடைத்த விடை ஆண்டர்சனுக்குச் சாதகமாக அமையவில்லை. அண்டை இடைவினை மட்டுமே உள்ள முக்கோண அணிக்கோவையில் தற்சுழற்சிகள் 120 பாகைக் கோணத்தில் ஒழுங்குறுகின்றன என்று பிற்காலக் கணினிக் கணக்கீடுகள் காட்டின.

1986ஆம் ஆண்டில் பெட்நோர்ட்சும் முல்லரும் தாமிர ஆக்சைடுகளில் உயர் வெப்பநிலை மீக்கடத்தலைக் கண்டறிந்தபின் வினா மீண்டும் உயிர்பெற்றது. 1987ஆம் ஆண்டில் ஆண்டர்சன், லாந்தனம் தாமிர ஆக்சைடின் தாய்நிலை ஒரு தற்சுழற்சி நீர்மமே என முன்மொழிந்தார். அதே ஆண்டில் நியூட்ரான் சிதறல் ஆய்வுகள் அப்பொருளில் நேயெல் ஒழுங்கு இருப்பதைக் காட்டின. ஆற்றல் போட்டியில் நீர்மம் இரண்டாம் முறையும் தோற்றது. அத்துடன் இக்கருத்து கைவிடப்பட்டிருந்தால் அதில் வியப்பில்லை. அது பிழைத்தமைக்குக் காரணம், வினாவே உருமாறியதுதான்.

4. இரண்டாம் கட்டம்: இடத்தியல் ஒழுங்காக நிலைபேறு (1987–2011)

4.1 கேஜ் கோட்பாட்டின் நுழைவு

வினா உருமாறிய இடத்தில் ஜி. பாஸ்கரன் என்னும் பெயர் முன்நிற்கிறது. பிற்காலத்தில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியராக விளங்கிய இவர், 1987ஆம் ஆண்டில் ட்சோ, ஆண்டர்சன் ஆகியோருடன் இணைந்து ஒத்ததிர்வு நிலைக்கான சராசரிப் புலக் கோட்பாட்டை வெளியிட்டார். தற்சுழற்சியை மட்டும் சுமந்து மின்னூட்டம் சுமவாத துகள்களின் மொழியில் நீர்மத்தை விவரித்தமை அக்கோட்பாட்டின் சிறப்பு. ஓர் எலக்ட்ரானின் பண்புகள் இங்ஙனம் பிரிந்து தனித்தனித் துகள்களாக இயங்குவதைப் பின்னமாதல் என்பர்.

1988ஆம் ஆண்டில் பாஸ்கரனும் ஆண்டர்சனும் அடுத்த அடியை வைத்தனர். இத்துகள்களின் விவரிப்பில் ஒவ்வோர் இடத்திலும் தன்னிச்சையாகத் தேர்ந்துகொள்ளத்தக்க ஒரு கட்டம் மறைந்திருக்கிறது. ஆகவே துகள்களுக்கிடையே ஒரு கேஜ் புலம் தானே தோன்றுகிறது என்று காட்டினர். மின்காந்தவியலுக்கு உரியதாகக் கருதப்பட்ட கணித அமைப்பு, காந்தப் படிகத்தின் உள்ளே தாழ் ஆற்றலில் பிறப்பதை இவ்வாய்வு சுட்டியது.

இதன் விளைவு தொலைநோக்குடையது. இருபரிமாணத்தில் இறுக்கமான வட்டச் சமச்சீருடைய கேஜ் புலம் துகள்களைச் சிறைப்படுத்திவிடும் என்று அலெக்சாண்டர் பாலியகோவ் 1977ஆம் ஆண்டிலேயே நிறுவியிருந்தார். சிறைப்பட்டால் பின்னமாதல் மறையும், நீர்மம் அழியும். ஆகவே 'நீர்மத்தின் ஆற்றல் தாழ்ந்ததா' என்னும் வினா பின்னுக்குச் சென்று, 'அதன் கேஜ் புலம் துகள்களைச் சிறைப்படுத்துமா, விடுவிக்குமா' என்னும் வினா முன்னுக்கு வந்தது. நிலைபேற்றின் பொருள் மாறிய இடம் இதுவே எனக் கருதலாம்.

4.2 இடத்தியல் ஒழுங்கு

இவ்வினாவுக்கு விடை வேறு திசைகளிலிருந்தும் வந்தது. 1987ஆம் ஆண்டில் கிவெல்சன், ரோக்சார், செத்னா ஆகியோர் குறுந்தொலைவு இணைகளால் ஆன நீர்மத்தின் இடத்தியல் தன்மையை எடுத்துக்காட்டினர். 1990ஆம் ஆண்டில் சியாவ்-காங் வென்னும் நியூவும், பின்னக் குவாண்டம் ஹால் நிலைகளின் தாழ்நிலை எண்ணிக்கை பரப்பின் துளைகளைப் பொறுத்தது என்றும், எவ்வகைச் சிற்றுலைவாலும் அது மாறாது என்றும் வாதிட்டனர். 1991ஆம் ஆண்டில் ரீடும் சுபீர் சச்தேவும் இரட்டை மதிப்புக் கேஜ் புலத்தைக் கொண்ட நீர்மங்கள் சிறைப்படாமல் நிலைக்கும் என்று காட்டினர். அதே ஆண்டில் வென்னும் இதே முடிவுக்கு வந்தார். 2001ஆம் ஆண்டில் மோஸ்னரும் சிவாஜி சோந்தியும் முக்கோண அணிக்கோவையின் இணை மாதிரியில், ஒரு தனிப்புள்ளியில் மட்டுமன்றி அளவீடுகளின் ஒரு பரப்பு முழுவதிலும் நீர்மம் நிலைப்பதை நிறுவினர்.

முன்னுரையில் கூறிய கயிற்றுச் சுற்று இங்குப் பொருந்தும். சதுரமோ முக்கோணமோ ஆன அணிக்கோவையின் ஒவ்வொரு முனையையும் ஓர் இணை மட்டுமே தொடுகிறது எனக் கொள்வோம். எந்த மூடிய கோட்டை வரைந்தாலும், அதனைக் கடக்கும் இணைகளின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்பது உள்ளே அடங்கிய முனைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தே அமையும். பரப்பில் ஒரு துளை இருந்து கோடு அத்துளையைச் சுற்றி வருமாயின், ஒற்றை–இரட்டைத் தன்மை இரண்டு வகையிலும் அமையலாம். அவ்விரு வகைகளையும் ஓரிடத்து அளவீடு எதுவும் வேறுபடுத்த இயலாது. ஆதலின் ஓரிடத்து உலைவு எதுவும் அவற்றைக் கலக்கவும் இயலாது. கயிற்றுச் சுற்று ஒரு மரபு இயற்பியல் உவமை மட்டுமே. நீர்மத்தில் இணைகளின் எல்லா அமைப்புகளும் ஒருங்கே படிந்திருப்பதை அவ்வுவமை உணர்த்தாது.

4.3 கிட்டாயேவ் மாதிரியும் சென்னை ஆய்வும்

2006ஆம் ஆண்டில் அலெக்சி கிட்டாயேவ் தேன்கூட்டு அணிக்கோவையில் ஒரு மாதிரியை வெளியிட்டார். ஒவ்வொரு முனையிலிருந்தும் புறப்படும் மூன்று பிணைப்புகளும் தற்சுழற்சியின் மூன்று வெவ்வேறு கூறுகளை இணைக்கின்றன. ஒவ்வோர் அறுகோணத்திலும் மாறாத ஒரு பாய மதிப்பு உண்டு. இதனால் மாதிரி முழுவதும் துல்லியமாகத் தீர்க்கத்தக்கதாயிற்று. தற்சுழற்சி நீர்மம் இருக்கக்கூடுமா என்னும் ஐயத்துக்குக் கோட்பாட்டளவில் இங்கு இடமில்லாமற் போயிற்று.

ஆயின் தாழ்நிலையை அறிவது வேறு. அதன் தற்சுழற்சிகள் காலத்தில் எவ்வாறு தொடர்புறுகின்றன என்பதை அறிவது வேறு. ஆய்வகக் கருவி அளப்பது இரண்டாவதையே. 2007ஆம் ஆண்டில் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த பாஸ்கரன், சப்தர்ஷி மண்டல், ஆர். சங்கர் ஆகிய மூவரும் அத்தொடர்பைத் துல்லியமாகக் கணக்கிட்டு வெளியிட்டனர். அவர்தம் வாதத்தின் உட்பொருள் எளிமையானது. ஒரு முனையில் தற்சுழற்சியின் ஒரு கூறைச் செயற்படுத்தினால், அப்பிணைப்பின் இருபுறமும் உள்ள இரண்டு அறுகோணங்களின் பாயம் தலைகீழாகிறது. கூடவே இயங்கும் ஒரு மஜோரானா துகள் பிறக்கிறது. பாயங்கள் இடம்பெயர்வதில்லை. எனவே தொலைவில் உள்ள மற்றொரு தற்சுழற்சி அதே இரு அறுகோணங்களைத் திருப்பி மீட்க இயலாது. அதன் விளைவாக, அண்டை முனைக்கு அப்பால் இரு தற்சுழற்சிகளின் தொடர்பு முற்றிலும் சுழியாகிறது. ஆற்றல் இடைவெளி இல்லாத பகுதியிலும் இது மெய்யாகும்.

பின்னமாதலை உய்த்துணரும் நிலையிலிருந்து எழுதிக் காட்டும் நிலைக்குக் கொண்டுவந்ததே இவ்வாய்வின் மதிப்பு. ஒரு தற்சுழற்சிக் கிளர்வு நிலையான பாயங்களாகவும் இயங்கும் துகளாகவும் பிரிவதை இச்சமன்பாடுகளில் நேரே காணலாம். 2008ஆம் ஆண்டில் பாஸ்கரன், தீப்திமான் சென், சங்கர் ஆகியோர் அரைக்கு மேற்பட்ட தற்சுழற்சி மதிப்புகளுக்கும் இம்மாதிரியை விரித்தனர்.

அண்டைக்கு அப்பால் தொடர்பு சுழி என்னும் முடிவு, மாதிரி துல்லியமாக இருக்கும்வரையே பொருந்தும். உண்மைப் பொருளில் கிட்டாயேவ் இடைவினையோடு வேறு இடைவினைகளும் கலந்திருக்கும். அப்போது எது நிலைக்கும், எது குலையும்? 2011ஆம் ஆண்டில் டிக்கோனவ், ஃபைகல்மன், கிட்டாயேவ் ஆகியோர், காந்தப் புலம் போன்ற சில உலைவுகளால் தற்சுழற்சித் தொடர்பு தொலைவின் அடுக்கு விதிப்படி நீளும் என்று காட்டினர். அதே ஆண்டில் மண்டல், பாஸ்கரன், சங்கர் உள்ளிட்ட ஐவர் ஐசிங் இடைவினையைச் சேர்த்துப் பொதுமைப்படுத்திய மாதிரியை ஆராய்ந்து, தற்சுழற்சித் தொடர்புகளையும் துகள்கள் விடுபட்ட நிலையிலிருந்து சிறைப்படும் நிலைக்கு நிகழும் மாற்றத்தையும் விவரித்தனர். 1988ஆம் ஆண்டில் எழுந்த சிறைப்படுதல் வினா, 23 ஆண்டுகளுக்குப் பின் ஒரு குறிப்பிட்ட மாதிரியில் விடைபெற்றது இங்ஙனமே.

இவ்விரு ஆய்வுகளையும் ஒருங்கே வாசிக்கும்போது ஒரு நுட்பம் புலப்படும். தொடர்பு நீளுவதும் நீர்மம் அழிவதும் ஒன்றல்ல. குறுந்தொடர்பு என்னும் அடையாளம் எளிதில் குலையலாம். ஆயினும் விடுபட்ட துகள்களும் கேஜ் அமைப்பும் உலைவு சிறிதாக இருக்கும்வரை நிலைக்கலாம். அடையாளத்தின் நிலைபேறும் பொருளின் நிலைபேறும் வேறுபட்டவை என்பது இக்கட்டத்தின் முதன்மையான பாடம். கணித நிலையில், 2010ஆம் ஆண்டில் பிராவி, ஹேஸ்டிங்ஸ், மிகலாகிஸ் ஆகியோர், ஆற்றல் இடைவெளியும் சில நிபந்தனைகளும் உள்ள இடத்தியல் ஒழுங்கு மாதிரிகள் சிறிய ஓரிடத்து உலைவுகளைத் தாங்கும் என்பதற்கு நிறுவலே அளித்தனர்.

4.4 நிறுவனச் சூழல்

இத்தகைய ஆய்வு சென்னையில் நிகழ்ந்தமை தற்செயலன்று. அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தம் இல்லமான ஏகாம்ர நிவாசத்தில் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கை நடத்திவந்தார். 1960ஆம் ஆண்டில் நீல்ஸ் போர் அங்கு வருகை தந்தார். அம்முயற்சி சி. சுப்பிரமணியம், ஜவாகர்லால் நேரு ஆகியோரின் ஆதரவைப் பெற்று, 1962ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் கணித அறிவியல் நிறுவனமாக மலர்ந்தது. தொடக்க விழாவில் எஸ். சந்திரசேகர் பங்கேற்றார். ஆய்வகக் கருவிகள் இன்றித் தாளும் எழுதுகோலும் கொண்டு முன்னணி வினாக்களை அணுகும் மரபு அங்கு வேரூன்றியது. துல்லியத் தீர்வுகளை நாடும் கிட்டாயேவ் மாதிரி போன்ற பொருள் அம்மரபுக்கு இயல்பாகவே ஏற்றதாயிற்று.

5. மூன்றாம் கட்டம்: ஆய்வக நிலைபேறு (2021)

கனிமங்களில் தற்சுழற்சி நீர்மத்தைத் தேடும் முயற்சிகள் கலப்படம், ஒழுங்கின்மை ஆகியவற்றால் ஐயத்துக்கு இடமளித்துவந்தன. ககோமே அமைப்புடைய ஹெர்பர்ட்ஸ்மிதைட் கனிமம் இதற்கு எடுத்துக்காட்டு. மாற்றுவழி, அணுக்களைத் தனித்தனியே ஒளிக் கவ்விகளால் பிடித்து, விரும்பிய வடிவில் அடுக்குவதாகும். உயர் கிளர்வில் உள்ள ரிட்பர்க் அணு, தன் அருகில் உள்ள மற்றோர் அணு கிளர்வுறுவதைத் தடுக்கும். 2009ஆம் ஆண்டில் ஈரணுச் சோதனைகளில் இத்தடுப்பு காணப்பட்டது.

வெரெசன், லூக்கின், அஷ்வின் விஸ்வநாத் ஆகியோர் 2021ஆம் ஆண்டில் இத்தடுப்பைக் கொண்டே இணை மாதிரியை உருவாக்கலாம் என முன்மொழிந்தனர். ககோமே அணிக்கோவையின் ஒவ்வொரு பிணைப்பின்மீதும் ஓர் அணு வைக்கப்படும். கிளர்வுற்ற அணு ஓர் இணையாகக் கொள்ளப்படும். தடுப்பின் எல்லை ஆறு அண்டை அணுக்களை உள்ளடக்குமாறு அமைத்தால், ஒரு முனையை இரண்டு இணைகள் தொடுவது தானே விலக்கப்படும். எல்லா முனைகளும் இணையுற்றால் நான்கில் ஓர் அணு கிளர்வுற்றிருக்கும். அதே ஆண்டின் இறுதியில் செமெகினி உள்ளிட்ட ஹார்வர்டு குழுவினர் 219 அணுக்களில் இதனைச் செயற்படுத்தி வெளியிட்டனர். மூடிய கோடுகளின் ஒற்றை–இரட்டைத் தன்மையை அவர்கள் நேரே அளந்தனர். அணு வரிசையில் ஒரு துளையை அமைத்து இடத்தியல் வேறுபாடுகளையும் ஆராய்ந்தனர்.

இங்கு நிலைபேறு மூன்றாவது பொருளைப் பெறுகிறது. முதலாவதாக, தடுப்பு எல்லையோடு இடைவினை நின்றுவிடுவதில்லை. தொலைவின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைந்து ஒரு வால்போல் நீளும். அந்த வால் சில இணை அமைப்புகளை மற்றவற்றினும் விரும்பி, நீர்மத்தைப் படிகமாக்க முயலும். இரண்டாவதாக, இணையுறாத முனைகள் பிழைகளாகத் தோன்றுவதால், கோடு பெரிதாகும்தோறும் அளவீட்டுக் குறி மங்கும். மூன்றாவதாக, ஆய்வகத்தில் கிடைப்பது முடிவற்ற காலம் நிலைக்கும் தாழ்நிலை அன்று. லேசர் அளவுகளைக் குறுகிய நேரத்தில் மாற்றிக் கொண்டுவரப்பட்ட ஓர் இயங்குநிலை. 2022ஆம் ஆண்டில் ஜூடிச்சி, லூக்கின், பிக்லர் ஆகியோர் இவ்வியக்கவழித் தயாரிப்பையே ஆய்வுப் பொருளாக்கினர். தாழ்நிலை நீர்மமாக இல்லாதபோதும், மாற்றத்தின் வேகத்தைத் தக்கவாறு அமைத்தால் நீர்மத்துக்கு நெருங்கிய நிலை கிட்டும் என்பது அவ்வழியின் கருத்து.

ஆகவே 2021ஆம் ஆண்டுச் சோதனை 'ஆண்டர்சனின் கணிப்பை மெய்ப்பித்தது' என எழுதுவது பொருத்தமன்று. ஆண்டர்சன் கேட்டது தாழ்நிலையைப் பற்றி. சோதனை காட்டியது தயாரிக்கப்பட்ட நிலையைப் பற்றி. இரண்டிலும் ஒரே இடத்தியல் அமைப்பு தோன்றுகிறது என்பதே உண்மையான செய்தி.

6. முடிவுரை

நிலைபேறு என்னும் சொல் ஐம்பது ஆண்டுகளில் மூன்று பொருள்களைச் சுமந்தது. 1973இல் அஃது ஆற்றல் போட்டியில் வெல்வதைக் குறித்தது. 1988க்குப் பின் உலைவுகளுக்கு இடையே துகள்கள் சிறைப்படாதிருப்பதைக் குறித்தது. 2021இல் குறைபாடுள்ள கருவியில், குறுகிய காலத்தில், அடையாளம் மங்காதிருப்பதைக் குறித்தது. இம்மூன்றையும் ஒன்றெனக் கொண்டால், முதற் பொருளில் பெற்ற தோல்விகளைக் காட்டி இரண்டாம் பொருளின் வெற்றியை மறுக்கவோ, மூன்றாம் பொருளின் வெற்றியைக் காட்டி முதற் பொருளின் வினா தீர்ந்ததாகச் சாதிக்கவோ நேரும்.

சென்னையின் இடத்தையும் இப்பகுப்பைக் கொண்டே அளவிட வேண்டும். கருத்தின் தோற்றம் சென்னையில் இல்லை. ஆய்வகச் சோதனையும் இங்கு நிகழவில்லை. 1988ஆம் ஆண்டின் கேஜ் கோட்பாட்டு ஆய்வும் ஆண்டர்சனோடு இணைந்து எழுதப்பட்டதே. ஆயின் முதற் பொருளிலிருந்து இரண்டாம் பொருளுக்கு வினா நகர்ந்ததில் பாஸ்கரனின் பங்கும், அப்பொருளைத் துல்லியக் கணக்கீடாக மாற்றியதில் 2007, 2011 ஆகிய ஆண்டுகளின் ஆய்வுகளும் தவிர்க்க இயலாத கண்ணிகள். அவற்றை விட்டுவிட்டு எழுதும் வரலாறு, 1973இலிருந்து 2021க்குத் தாவும் வரலாறாகவே அமையும். நிலைபேறு என்பதன் பொருள் மாறியது ஏன் என்னும் வினாவுக்கு அதனால் விடை கூற இயலாது.